பூஜையறைக் காற்று

டாக்டர் ஜுவேரியா கேள்வியை ஹம்சாவிடம்தான் கேட்டார். அதில் அவள் கணவர் ராகவேந்திரனுக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. டாக்டரின் முகம் ஹம்சாவைப் பார்த்துத்தான் இருந்தது. கையிலிருந்த பேனாகூட அவள் பக்கம்தான் நீண்டிருந்தது.

"வீட்டுல எங்கயாவது ஈரம், பூஞ்சை, அந்த மாதிரி இருக்காம்மா?"

ஹம்சா வாயைத் திறந்தாள். இருமல் வந்தது. இருமி முடித்து, கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாயைத் திறப்பதற்குள் ராகவேந்திரன் புகுந்துவிட்டார். வகுப்பில் எவனாவது பதில் சொல்லத் தடுமாறினால் பதிலைத் தானே சொல்லிவிட்டு, 'இதுகூடத் தெரியலையா?' என்று அவனையே கேட்டு முப்பது வருஷம் பழகிய வாய். சும்மா இருக்குமா?

"சான்ஸே இல்லை டாக்டர்," என்றார். "எங்காத்துக் காத்துல பூஞ்சை கிடையாது. இதை நான் சொல்லலை, டி.என்.ஏ. சொல்றது."

கைப்பேசியை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில், வீட்டில் வைத்த கருவியின் அளவாக, ஒரு பச்சைக் கோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மேடுபள்ளம் இல்லாமல் ஓடியது. மயிலாப்பூரின் எந்தத் தெருவிலும் காணக் கிடைக்காத சமதளம்.

டாக்டர் நல்ல மாதிரி. படித்தவர்களுக்கு மரியாதை கொடுப்பவர். "இது என்ன கருவி சார்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டார். கேட்டிருக்கக் கூடாது. அந்த நந்தனம் கிளினிக்கில் வெளியே பெஞ்சியில் காத்திருந்தவர்கள் அன்றைக்குச் சாப்பாட்டை மறக்க வேண்டியதாயிற்று. பேச்சு ஓய்ந்தபோது டாக்டர் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, நெஞ்செரிச்சல் உண்டா என்று அடுத்ததற்குப் போயிருந்தார். மூச்சில் இழுக்கிற மருந்து ஒன்றும், அசிடிட்டிக்கு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். ஹம்சா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

அவள் என்ன சொல்ல இருந்தாள் என்பது ராகவேந்திரனுக்குத் தெரியும். அப்போதே தெரியும். இப்போது அந்த ஒரு இருமலுக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே இருந்த இடுக்கை அவர் திரும்பத் திரும்பப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறார். கதவு அடைத்த கடையை எட்டிப் பார்க்கிறவனைப் போல.

ராகவேந்திரன் உயிர்தொழில்நுட்பப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூரில் ஓய்வு பெற்றவர்கள் காலையில் குளத்தைச் சுற்றி நடப்பார்கள். ராகவேந்திரன் அப்படி நடப்பவர்களை நிறுத்தி, நடந்தால் உடம்புக்குள் என்ன ஆகிறது என்று விளக்குவார். அவருக்கு வேர்க்காது, கேட்பவருக்கு வேர்க்கும். கல்யாணப் பந்தியில் மோர் வந்தால் மோருக்குள் வாழும் ஜீவராசிகளைப் பற்றி முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று ஒரு வலம் வந்துவிட்டுத்தான் குடிப்பார். பக்கத்து இலைக்காரர் அதற்குள் கையலம்பப் போயிருப்பார்.

அவரிடம் படித்த பெண் ஸஹானா. கெட்டிக்காரி, பேச்சு குறைவு. அதாவது, ராகவேந்திரன் கண்ணுக்கு லட்சிய மாணவி. அவள் தரமணியில் வாடகைக்கு ஒரு சிறு ஆய்வுக்கூடம் பிடித்து, வீட்டுக்குள் காற்றில் மிதக்கிற கெட்ட பூஞ்சையைக் கண்டுபிடிக்கும் பெட்டி ஒன்றை உருவாக்கினாள். தன் பழைய பேராசிரியரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டாள். பெட்டிக்குள் போகிற வேலையெல்லாம் அவள் பார்த்தாள். பெட்டிக்கு வெளியே நின்று பேசுகிற வேலையை இவர் பார்த்தார். 'சுவாசமித்ரா' என்று பெயர் வைத்ததும் இவர்தான். இவருடைய விசிட்டிங் கார்டில் நிறுவனர், தலைமை விஞ்ஞானி, வழிகாட்டி என்று மூன்று பதவிகள் இருந்தன. ஸஹானாவுக்குக் கார்டே கிடையாது.

பெட்டி டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். உள்ளே ஒரு சின்ன விசிறி அறைக் காற்றை இழுக்கும். காற்றோடு வரும் பூஞ்சை வித்துகள், கண்ணுக்குத் தெரியாத பொடி அவை, ஒரு சொட்டுத் திரவத்தில் விழுந்து உடையும், உள்ளிருக்கும் டி.என்.ஏ. வெளியே வரும். அடியில் விரல் நகம் அளவு ஒரு சில்லு. அதன்மேல் ஸஹானா நட்டு வைத்த டி.என்.ஏ. இழைகள் நாற்று மாதிரி நிற்கும். கெடுதல் செய்கிற பூஞ்சையின் இழை வந்தால் மட்டும் அவை ஜோடி சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் மின்சாரம் ஒரு துளி மாறும். அதைப் பார்த்து மேலே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்கு எரியும். ராகவேந்திரன் கூட்டங்களில் இதை ஜாதகப் பொருத்தம் என்று விளக்குவார். "பத்துப் பொருத்தமும் இருந்தாத்தான் ஒட்டும். நம்ம ஜோசியர்களை மாதிரி ஆறு போறும்னு விட்டுக்கொடுக்காது!" கூட்டம் கை தட்டும்.

ஒரு விஷயம் மட்டும் உண்டு. 'ஒன்றுமில்லை' என்றால் எப்படி இருக்கும் என்று பெட்டிக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும். சுத்தமான காற்றைக் காட்டி ஜீரோ வைத்துவிட்டால், அதற்குமேல் உள்ளதைத்தான் அது கணக்கில் எடுக்கும்.

"ஜீரோ மட்டும் நம்ம லேப்ல, ஃபில்டர் போட்ட காத்துல வெச்சுக்கலாம் சார்," என்று ஸஹானா சொல்லியிருந்தாள்.

"பேஷா வெச்சுக்கலாம்மா," என்றார் ராகவேந்திரன்.

ஆனால் முதல் பெட்டி கைக்கு வந்தது விஜயதசமிக்கு முந்தின சாயங்காலம். விஜயதசமியன்று நல்ல வேளையில் தொடங்காமல், ஆயுத பூஜை எச்சமும் வாழைக்கன்றுமாகக் கிடக்கிற தரமணியில் போய் யாராவது தொடங்குவார்களா? குளித்து, பஞ்சகச்சம் உடுத்திக்கொண்டு, இருப்பதிலேயே சுத்தமான இடத்துக்குப் பெட்டியை எடுத்துப் போனார். பூஜையறைக்கு.

முப்பது வருஷம் நுண்ணுயிர்களைப் பற்றிப் பாடம் எடுத்தவர். ஆனாலும், குளிக்காமல் யாரும் நுழையாத அறைக்குள் நுண்ணுயிரும் நுழையாது என்று எங்கேயோ ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். நம்பினோம் என்பதுகூட அவருக்குத் தெரியாது. இன்னொரு விதமாக யோசிக்கத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான்.

அது முன்னே ஸ்டோர் ரூமாக இருந்த அறை. ஜன்னல் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த ஃபிளாட்டின் குளியலறைக் குழாய். மேலே உத்தரத்தையொட்டி ஒரு மூங்கில் கொடி. அதில்தான் மடித்துணி உலரும், பூஜைக்கு உடுத்துவதற்கு முன் யாரும் தொடக் கூடாத துணி. ஹம்சாவின் ஒன்பது கஜம், இவருடைய வேட்டி. குச்சியால் எடுத்துப் போட்டு, குச்சியால் எடுத்து உடுத்த வேண்டும்.

"மொட்டை மாடியில வெயில்ல போட்டுடறேனே?" என்று ஹம்சா பல தடவை கேட்டிருக்கிறாள்.

"யாராவது தொட்டுட்டா?" என்பார் ராகவேந்திரன். மழைக்காலத்தில் அந்தத் துணிகள் உலர்வதில்லை. உலர்ந்ததாக வைத்துக்கொள்வார்கள்.

அன்றைக்கும் ஹம்சா வாசற்படியில் நின்று சொன்னாள். "ஏன்னா, அந்தச் சுவர் ஓதம் வாங்கறது. படத்தை நகத்தினா ஒரு மாதிரி வாசனை வரது. கூடத்துல வெச்சுப் பண்ணுங்கோளேன்."

"பெருமாளைவிடச் சுத்தமானவாளா கூடத்துல இருக்கா?"

"பெருமாள் சுத்தம்தான். நான் சுவரைச் சொன்னேன்."

"நீ போய் நைவேத்தியத்தைப் பாரு."

பெட்டிக்குச் சந்தனம் தடவி, குங்குமம் இட்டு, பூ வைத்தார். கற்பூரம் மட்டும் காட்டவில்லை. புகை பட்டால் சென்சாருக்கு ஆகாது. விஞ்ஞானி அல்லவா! பொத்தானை அழுத்தினார். பெட்டி அந்த அறையின் காற்றைக் குடித்து, கால் மணி நேரம் யோசித்து, இதுதான் ஒன்றுமில்லாத காற்று என்று மனப்பாடம் செய்துகொண்டது. பச்சை விளக்கு எரிந்தது. ராகவேந்திரன் கண்ணில் நீர் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, உண்மையான ஆனந்தக் கண்ணீர்தான்.

அதன் பிறகு அந்தப் பெட்டி எங்கே போனாலும் பச்சைதான். கூடத்தில் பச்சை, படுக்கையறையில் பச்சை. அப்புறம் ஏன் எரியாது?

ஹம்சாவுக்கு இருமல் வந்தது அந்த மழையில்தான். முதலில் காலையில் மட்டும். பூஜை முடித்து வரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சமையலறை மேடையில் சாய்ந்து நிற்பாள். பிறகு பாட்டுச் சொல்லிக் கொடுக்கும்போதும் வந்தது. அவள் வீட்டில் பாட்டு வகுப்பு எடுக்கிறவள். கல்யாணத்துக்கு முன்னால் மேடையில் பாடியவள். மாமியார், குழந்தைகள், கணவரின் சொற்பொழிவுகள் என்று நடுவில் பல காரியங்கள் வந்து மேடை நின்றுபோயிற்று. அவள் குருவுக்கு அவளிடம் பிடித்தது மூச்சு. ரீதிகௌளை ராகத்தில் ஒரு கீர்த்தனை. அதன் அனுபல்லவியில் நீண்ட வரி ஒன்று மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே வரும். எல்லோரும் நடுவில் எங்கேயாவது திருட்டுத்தனமாக மூச்சு எடுப்பார்கள். ஹம்சா எடுக்க மாட்டாள்.

அடுத்து வந்த கோடையில் ஒரு சின்ன சபாவிலிருந்து கூப்பிட்டார்கள், வருகிற மார்கழியில் பாட முடியுமா என்று. மத்தியானக் கச்சேரி, டிக்கெட் கிடையாது. கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் கேன்டீன் திறப்பதற்காகக் காத்திருப்பவர்கள். ஆனாலும் மேடை. ஹம்சா அன்றைக்கு ராத்திரிச் சமையலில் உப்புப் போட மறந்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் மறந்தது அந்த ஒரு நாள்தான்.

"இந்த இருமல் மட்டும் போயிடுத்துன்னா பாடிடுவேன்," என்றாள்.

"அது மேடை பயம்," என்றார் ராகவேந்திரன். "பெட்டியைப் பாரு. காத்துல ஒண்ணுமே இல்லை."

"பெட்டி பாடப் போறதில்லையே. நான்னா பாடணும்!"

அப்போதுதான் டாக்டரிடம் போனார்கள். அங்கே நடந்தது மேலே சொன்னது.

மருந்து கேட்கவில்லை. இதற்கு நடுவே அடையாறில் இருக்கும் ஹம்சாவின் தங்கை ஜானு வீட்டில் கல்யாணம் வந்தது. ஹம்சா பட்சணம், பந்தல் என்று ஒத்தாசைக்குப் போய்ப் பல வாரங்கள் அங்கேயே தங்கினாள். அங்கே இருமல் குறைந்தது. பிறகு நின்றேவிட்டது. கல்யாணத்து ஊஞ்சலில் அவள் பாடியதை ராகவேந்திரனும் கேட்டார். மூச்சு திரும்பியிருந்தது.

"அத்திம்பேரே, பாத்தேளா?" என்றாள் ஜானு. "அக்கா இங்க வந்து ஒரு தடவை இருமலை. உங்காத்துல என்னமோ இருக்கு."

"கடற்காத்து," என்றார் ராகவேந்திரன். "உப்பும் ஈரமும் மூச்சுக்குழாய்க்கு இதம். அதுல என்ன நடக்கறதுன்னா..."

"பந்தி போட்டாச்சு, வாங்கோ," என்று ஜானு பேச்சை வெட்டிவிட்டுப் போனாள்.

அங்கே கிடைத்த விடையை அவர் கடலில் போட்டுவிட்டு வந்தார். இதுவும் இப்போது அவர் திரும்பத் திரும்ப எட்டிப் பார்க்கிற இன்னொரு இடம். ஹம்சா வீடு திரும்பிய மறுவாரமே இருமல் ஆரம்பித்தது. இந்தத் தடவை மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்தாள்.

பெட்டியின் குட்டு வெளிப்பட்டது வேளச்சேரியில். அங்கே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் கோதண்டபாணி, ரியல் எஸ்டேட்காரர், தரைத்தளத்து வீடுகளைச் சோதித்துச் சொல்லச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். வெள்ளம் ஏறி இறங்கிய வீடுகள். சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்பு படர்ந்திருந்தது. ராகவேந்திரன் நடுக்கூடத்தில் பெட்டியை வைத்தார். கால் மணி நேரம் சொற்பொழிவு. பச்சை எரிந்தது.

கோதண்டபாணி பெட்டியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "இன்னா சார் இது? செவுரு கருப்பா கீது, பொட்டி பச்சையா கீது. நா எத்த நம்பறது?"

"கண்ணை நம்பக் கூடாது சார். கண்ணுக்குத் தெரியறது பழசு. செத்துப்போனது. காத்துல மிதக்கறதுதான் ஆபத்து. அது இங்க இல்லை."

"செத்ததுக்கா இம்மா நாத்தம்? மூணு வூட்ல பசங்க மூச்சு இளுத்துகினு கீதுங்க சார். அதுங்களும் செத்ததப் பாத்துதான் இளுக்குதா?"

"அது வேற அலர்ஜியா இருக்கலாம்."

"அட போ சார்!" என்று கோதண்டபாணி பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த எண்ணுக்கு அவர் கண் முன்னாலேயே போன் போட்டார். எடுத்தது ஸஹானா.

அன்று மாலை ஸஹானா ராகவேந்திரனைக் கூப்பிட்டாள். "சார், அந்த யூனிட்டுக்கு ஜீரோ எங்க வெச்சீங்க?"

"இருக்கறதிலேயே சுத்தமான இடத்துலம்மா."

"லேப்லதானே?"

"அதைவிட."

"அதைவிடச் சுத்தமான இடம் சென்னையில எங்க சார் இருக்கு?"

மறுநாள் காலை தன் பெட்டியோடு வந்து இறங்கினாள். ராகவேந்திரன் பெருமையாகவே பூஜையறையைக் காட்டினார். அவள் வாசற்படியை நெருங்கியதும், பழக்கதோஷம், "குளிச்சியோ?" என்று கேட்டார்.

"குளிச்சேன் சார்," என்று சொல்லிவிட்டு ஸஹானா உள்ளே போகவில்லை. வாசற்படிமேல் தன் பெட்டியை வைத்தாள். கால் மணி நேரம் போயிற்று. ராகவேந்திரன் பேசாமலிருந்ததே அதிசயம். விளக்கு சிவப்பாயிற்று.

"உன் பெட்டி தப்பு," என்றார்.

ஸஹானா வாதாடவில்லை. பையிலிருந்து இரண்டு மூடிகளை எடுத்தாள். காற்றில் உள்ள தூசு தும்பு எல்லாவற்றையும் வடிகட்டிவிட்டு வெறும் காற்றை மட்டும் உள்ளே விடுகிற மூடிகள். தன் பெட்டிக்கு ஒன்று, அவர் பெட்டிக்கு ஒன்று மாட்டினாள். மறுபடி கால் மணி நேரம். அவள் பெட்டி சிவப்பிலிருந்து இறங்கி ஜீரோவில் வந்து நின்றது. ராகவேந்திரன் பெட்டியில் எண்ணுக்கு முன்னால் சின்னதாக ஒரு கோடு விழுந்தது. மைனஸ்.

பெட்டிக்கு மைனஸ் போடத் தெரியும் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒன்றுமில்லாத காற்றைக் காட்டினால், ஒன்றுமில்லாததைவிடக் கீழே என்கிறது. அப்படியென்றால் இத்தனை நாள் அது 'ஒன்றுமில்லை' என்று நினைத்துக்கொண்டிருந்தது எது? இதற்கு விளக்கம் தேவையில்லை. வாழ்நாளில் முதல்முறையாக, விளக்கம் தேவைப்படாத ஒரு விஷயம் அவர் முன்னால் வந்து நின்றது.

வெங்கடாசலபதி படத்தை அவரே நகர்த்தினார். பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பு, வெல்வெட்டுத் துணி ஒட்டியதுபோல. மேலே கொடியில் ஹம்சாவின் புடவை, மடிப்பு மடிப்பாகச் சாம்பல் புள்ளிகளோடு தொங்கியது.

சமையலறையிலிருந்து ஹம்சா வந்து நின்றாள். "நீ உள்ள போகாதேம்மா," என்று ஸஹானாவின் கையைப் பிடித்து நகர்த்தினாள். "நான் தினம் காலம்பற அந்தப் புடவையைத்தான் மூஞ்சிக்கு நேரே உதறிக் கட்டிண்டேன்."

"நான் அன்னைக்கே கூட வந்திருக்கணும் மாமி," என்றாள் ஸஹானா. அவள் எதற்கு வருந்த வேண்டும்? வருந்த வேண்டியவர் கையில் வெங்கடாசலபதியை வைத்துக்கொண்டு, எங்கே இறக்குவதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

ஸஹானா போன பிறகு ஹம்சா கேட்டாள். "டாக்டர் அன்னிக்கு யாரைக் கேட்டா?"

"உன்னைத்தான்."

"நான் சொல்லியிருப்பேன். சுவர் கசியறதுன்னு. ஒரு வார்த்தைதான்."

"ஹம்சா, அப்போ பெட்டி காட்டினது..."

"பெட்டி சொன்னதை நீங்க நம்பினேள், சரி. நான் சொன்னதை ஏன் நம்பலை? என்கிட்ட விளக்கு எரியலைங்கறதாலயா?"

பதில் சொல்வதற்கென்றே பிறந்தவர் படத்தைக் கூடத்து நாற்காலியில் சாய்த்து வைத்தார். அன்றைக்கே ஜானு வண்டி எடுத்துக்கொண்டு வந்து அக்காவை அழைத்துப் போனாள். போகும்போது அத்திம்பேரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் ஜுவேரியா சொன்னார்: "பூஞ்சைத் தூசு ஒத்துக்காம நுரையீரல் வீங்கியிருக்கு. வீங்கின இடம் மருந்துல அடங்கிடும். ஆனா சில இடத்துல தழும்பு விழுந்திருக்கு. அது அப்படியேதான் இருக்கும்." ராகவேந்திரனைக் குற்றம் சொல்லவில்லை. அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஹம்சாவைத்தான் பார்த்தார்.

"பாடலாமா டாக்டர்?"

"பேசலாம். நடக்கலாம். பாட்டுச் சொல்லிக் குடுங்க, அது நல்லதுதான். கச்சேரின்னா..." டாக்டர் பேனாவை மூடினார். "முன்ன மாதிரி இழுத்துப் பிடிக்க மூச்சு வராதும்மா."

ஹம்சாவே சபாவுக்குப் போன் செய்தாள். செயலாளர் ரொம்ப நல்லவர். "அதனால என்ன மாமி? மத்தியான ஸ்லாட்தானே! ஆள் நெறைய க்யூல நிக்கறா. நீங்க உடம்பைப் பாத்துக்கோங்கோ," என்றார். அவள் நன்றி சொல்லிவிட்டு வைத்தாள்.

ஸஹானா வேளச்சேரி வீடுகளை மறுபடி சோதித்தாள். ராகவேந்திரன் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். எல்லா வீட்டிலும் சிவப்பு. கோதண்டபாணி இவரை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா சார், இன்னிக்கு வாயே தொறக்கல? ஒடம்பு சரியில்லயா?"

"எனக்கில்லை," என்றார் ராகவேந்திரன்.

பூஜையறைச் சுவரை உடைத்தார். அடுத்த ஃபிளாட்காரர்களிடம் நின்று குழாயை மாற்ற வைத்தார். புதிதாகப் பூசி, ஜன்னல் ஒன்று திறந்தார். மூங்கில் கொடியைக் கழற்றி எறிந்தார். வேட்டி மொட்டை மாடியில் ஊரார் பார்க்கக் காய்ந்தது. யார் யாரோ தொட்டார்கள். ஸஹானாவின் பெட்டியை அறை அறையாக வைத்துப் பார்த்தார். எங்கும் ஒன்றுமில்லை. இந்தத் தடவை நிஜமாகவே ஒன்றுமில்லை. அந்தச் சுத்தமான வீட்டில் அவர் ஒருவர் மட்டும் இருந்தார். காபி போட்டுக் குடித்தார். காபியைப் பற்றி விளக்கம் கேட்க ஆளில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அடையாறுக்குப் போனார். ஜானு வீட்டு முன்னறையில் ஹம்சா பாட்டு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். எதிரே அன்புக்கரசி, பேங்கில் வேலை பார்க்கிற பெண். மேற்கு மாம்பலத்திலிருந்து இதற்காகவே வந்து போகிறாள். ராகவேந்திரன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நடையிலேயே நின்று கைப்பேசியை நீட்டினார்.

"பச்சையா?" என்றாள் ஹம்சா.

"ஸஹானா பெட்டி. அவதான் ஜீரோ வெச்சா."

"ம்."

"எப்போ ஆத்துக்கு வரே?"

"பாக்கலாம்." அவள் கோபமாகச் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். "உக்காருங்கோ. ஜானு காபி கொண்டுவருவா." சுருதிப் பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரீதிகௌளை. அனுபல்லவி. அந்த வரியை எடுத்தாள். மேலே ஏறினாள். சுற்றுவதற்கு முன்னால் குரல் நின்றது. லேசாக ஒரு மூச்சு, பிறகு மீதி. மூச்சு விழுந்த இடத்தில் ராகவேந்திரன் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்புக்கரசி திருப்பிப் பாடினாள். நல்ல குரல், நல்ல பிடிப்பு. மேலே ஏறினாள். அதே இடத்தில் நின்றாள். லேசாக ஒரு மூச்சு, பிறகு மீதி. ஒரு இம்மி பிசகவில்லை.

"அங்க மூச்சு எடுக்கக் கூடாது," என்றாள் ஹம்சா.

"நீங்க எடுத்தீங்களே மேடம்? அழகா இருந்துச்சு. அதான் அப்படியே போட்டேன்."

நடையில் ஒருவருக்குப் பதில் தெரியும். நுரையீரல் திசு, தழும்பு, கொள்ளளவு என்று முழு விளக்கமும் தெரியும். அவர் ஜானு கொண்டுவந்து கொடுத்த காபித் தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அது பாட்டுல இல்லை," என்றாள் ஹம்சா. "சேர்த்துப் பாடணும்."

"ஒரு தடவை நீங்க சேர்த்துப் பாடிக் காட்டுங்க மேடம். புடிச்சுக்கறேன்."

ஹம்சா நிமிர்ந்து உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டாள். நிதானமாக, நெஞ்சு தாங்குகிற மட்டும் மூச்சை இழுத்து, வரியை எடுத்தாள். ஏறினாள். அந்த இடத்தைத் தாண்டினாள். தாண்டி, சுற்றின் பாதியில் குரல் மெலிந்து, காற்று மட்டும் வந்து, அதுவும் நின்றது. இருமலை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, மற்ற கையை அன்புக்கரசி பக்கம் நீட்டி, நீ பாடு என்று காட்டினாள்.

அன்புக்கரசி விட்ட இடத்திலிருந்து எடுக்கவில்லை. முதலிலிருந்து எடுத்து, ஏறி, சுற்றி, மூச்சு எடுக்காமல் வரியின் அடிவரை கொண்டுபோய் இறக்கினாள்.

"அதான்," என்றாள் ஹம்சா. "அப்படித்தான் இருக்கும் அது."

நடையில் காபி ஆறிக்கொண்டிருந்தது.